கைராசிப் பெட்டியும் கண்ணை மூடிய மாமியாரும்

"கையை எடு. அந்தக் கீபோர்டுலேர்ந்து முதல்ல கையை எடு."

டீம் லீடர் படிகளில் தாவித் தாவி ஏறி வந்ததில் டை தோளுக்குப் பின்னால் கிடந்தது. கையிலிருந்த காபியில் பாதி சட்டையில், மீதி படிகளில். கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நிதானமாகத் திரும்பினாள். அவருடைய மனைவியின் தங்கை. வீட்டில் மச்சினி, ஆபீஸில் புரோகிராமர். ஆபீஸில் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. கோபம் வந்தால் ஒப்பந்தம் காலாவதி.

"என்ன அத்தான், எங்கேயாவது தீப்பிடிச்சிருச்சா?"

"உன் கை இதுல படக்கூடாதுன்னு நேத்தே சொல்லியாச்சுல்ல? எம்.டி. பார்த்தார்னா என் கதை முடிஞ்சுது."

"ஏன், என் கையில சொறியா?"

சொறியாக இருந்தால் களிம்பு தடவலாம். இது அதைவிட மோசம். அவளுக்குக் கைராசி இல்லை.

டாக்டருக்குக் கைராசி உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் போணி செய்கிற கைக்கு ராசி உண்டு, விதை போடுகிற கைக்கும் உண்டு என்பார்கள். கம்ப்யூட்டரில் தட்டுகிற கைக்கும் ராசி உண்டு என்று கண்டுபிடித்த பெருமை இந்த நிறுவனத்தையே சேரும். லிஃப்டுகளை இயக்கும் நிரல்களை எழுதி விற்கிற நிறுவனம். எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்றெல்லாம் லிஃப்டுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம். கதவு திறந்து லிஃப்ட் வராமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அவ்வளவு பொறுப்பான வேலையை வெறும் அறிவை நம்பியா விடுவது?

ஆகவே குறிஞானி வந்தார்.

நிரலுக்குக் குறிமுறை என்றும் ஒரு பெயர் இருக்கிறதல்லவா. குறிமுறைக்குக் குறி சொல்கிறவர் குறிஞானி. பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து மாநாட்டு அறை அவருடையது. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரு பெரிய மேஜை. மேஜைமேல் மெரூன் வெல்வெட் போர்த்திய ஒரு பெட்டி. திரைக்கு மட்டும் துணியில் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் உள்ளங்கையை வைக்க ஒரு கண்ணாடித் தட்டு. உங்கள் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, தட்டில் கையை வைக்க வேண்டும். கைக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஓடும். பெட்டி உறுமும். திரையில் வாக்கு வரும். குறிஞானி அதை அடிவயிற்றிலிருந்து வாசிப்பார்.

கூட்டத்தைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் வாசலிலிருந்து படிக்கட்டு வரை வரிசை. மற்ற மாடிகளில் வாடகைக்கு இருந்த கம்பெனிக்காரர்கள்கூட வந்து நின்றார்கள். கால்குலேட்டர் இல்லாமல் கழித்தல் செய்யத் தெரியாதவர்கள்கூட கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள்.

டெஸ்டர் ஒருவர் இருந்தார். நிரல்களில் குறை கண்டுபிடிப்பதே உத்தியோகம். முதல் வாரத்தில் அவர் எழுதிய ஒரு சின்னச் சோதனை நிரலுக்குப் பெட்டி சொன்னது: "உன் வீட்டில், பிறந்தும் வேலைக்குப் போகாத பிள்ளை ஒன்று உண்டு." டெஸ்டர் அங்கேயே உடைந்து அழுதார். அவர் மகன் படிப்பு முடித்து வீட்டில்தான் இருந்தான். அன்று வீட்டுக்குப் போய், பெட்டிக்கே தெரியும் அளவுக்கு மானத்தை வாங்கிவிட்டாயே என்று மகனைப் பிடித்துக் கத்தினார். அன்றிலிருந்து அப்பனும் பிள்ளையும் பேசுவதில்லை.

இன்னொருவருக்கு, "ஒரே பெயரில் இருவர். ஒருவர் மற்றவரை மறைக்கிறார்." தன் பெயரே கொண்ட பக்கத்து சீட்டுக்காரரிடம் அவர் மதியம் சாப்பாட்டைப் பகிர்வதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் அந்த மகா வாக்கு. யாருடைய ஃபைலுக்கோ வந்தது. "திறந்த கையே மூட வேண்டும்." அறையே சிலிர்த்தது. எம்.டி. கண்ணை மூடி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரம் அது வரவேற்பறைச் சுவரில் பொன்னெழுத்தில் ஏறியது. எல்லாருடைய காபிக் கோப்பையிலும் அச்சாகி வந்தது. கூட்டங்களை அதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்த வாக்கைக் கேட்ட அன்று ஒரே ஒருத்தி மட்டும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஏன் என்று டீம் லீடர் கேட்டதற்கு, "சொன்னா உங்களுக்குத் தாங்காது அத்தான்" என்று மட்டும் சொன்னாள். மச்சினிதான், வேறு யார்.

அவளிடம் இன்னொரு குறையும் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாள். வேலைக்குப் போகாத பிள்ளை என்பது, நிரலில் ஒரு பெயரை உருவாக்கிவிட்டு எங்குமே பயன்படுத்தாமல் விடுவது என்றாள். குறை பார்க்கிற கருவி எதுவாக இருந்தாலும் அதைத்தான் முதலில் சொல்லும் என்றாள். அந்தக் கருவிகள் அவளுக்கு அத்துப்படி. சும்மா கிடைக்கிற, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்து எழுதிச் சேர்க்கக்கூடிய திறந்த மூலக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்து நமக்கு எது உதவும் என்று சொல்லும்படி டீம் லீடர்தான் அவளிடம் ஒப்படைத்திருந்தார். அவள் மாதக்கணக்கில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயரும் வைத்திருந்தாள்.

ஒன்று வாத்தியார். இடைவெளி சரியா, ஓரம் சரியா, கையெழுத்து அழகா என்பதோடு சரி. கணக்கு தப்பாக இருந்தாலும் கவலைப்படாது. இன்னொன்று காவல்காரர். திருடன் நுழையும் ஓட்டை எங்கே என்று பார்ப்பதிலேயே குறி, போகிற போக்கில் மற்றதையும் சொல்லும். தரகர் என்று ஒன்று, நீங்கள் முதல் சொல்லை அடிக்கும் முன்பே மீதி வாக்கியத்தைத் தானே முடித்துக் கொடுக்கும். பாதி உண்மை, பாதி வாய்க்கு வந்தது. கடைசியில் மாமியார். இருப்பதிலேயே கறார். எதைச் செய்தாலும் ஒரு சொல் சொல்லாமல் விடாது. ஆனால் சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும், அதுதான் எரிச்சல்.

அவள் முடிவு இதுதான்: மாமியாரை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம், தரகரைக் கேட்டுக்கொள்ளலாம், நம்பக் கூடாது.

டீம் லீடர் அந்த அறிக்கையைத் திறக்கவே இல்லை. எம்.டி. தலைப்பைப் பார்த்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிறது எப்படி நன்றாக இருக்கும் என்று கேட்டார். அடுத்த வாரம் குறிஞானி வந்தார். அவர் இலவசம் இல்லை. ஆகவே நன்றாக இருந்தார்.

கீபோர்டு சண்டைக்கு முந்தின நாள் மச்சினியின் முறை வந்தது. லிஃப்ட் கதவுகளைப் பற்றிய அவள் ஃபைலைப் பெட்டி உறுமி உறுமிப் படித்தது. "திறந்த கையே மூட வேண்டும்." கொஞ்சம் கீழே மறுபடியும் அதே வாக்கு. இன்னும் கீழே மறுபடியும். குறிஞானி முகத்தைத் திருப்பிக்கொண்டு, இந்தக் கைக்கு ராசி இல்லை, இது தொடும் கதவு மூடாது என்றார். கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. அவள் மறுபடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் எம்.டி.யால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் மாலைக்குள் அவளை வேலையிலிருந்து அனுப்பும் கடிதத்தில் டீம் லீடர் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடிதம் இப்போது டீம் லீடரின் சட்டைப் பையில் இருந்தது. அதே பையில் இருந்த போன் காலையிலிருந்து ஓயவில்லை. மனைவி. விஷயம் எப்படியோ வீட்டுக்குப் போய்விட்டது. என் தங்கச்சியை அனுப்பிட்டு அந்தப் பெட்டிகிட்டயே சாப்பாடும் கேட்டு வாங்கிக்கோங்க என்பது கடைசியாக வந்த செய்தி.

"இங்க என்ன பண்றே?" என்றார் டீம் லீடர், குரலைத் தாழ்த்தி.

"பெட்டிக்குப் போற ஃபைலையெல்லாம் இந்த மெஷின்லதானே பென் டிரைவுல ஏத்தணும்? கடைசியா ஒரு ஃபைல் குடுக்கலாம்னு. நாலே வரி."

"ராசியில்லாத கை குடுக்கிறதைப் பெட்டி வாங்காது."

"அப்போ நீங்க குடுங்க. உங்களுதுதான் பூரண கைராசியாச்சே."

உண்மைதான். சட்டையில் குறிஞானி குத்திவிட்டிருந்த பச்சை பேட்ஜ் அதைத்தான் சொன்னது. டீம் லீடராகி நாளாகிவிட்டது, நிரல் என்று எதையும் எழுதுவதில்லை. எழுதாதவன் கையில் குறை ஏது? காலி ஃபைலைக் கொடுத்துப் பூரண கைராசி வாங்கியிருந்தார்.

அவள் ஒரு பேரம் பேசினாள். அந்த நாலு வரியையும் பெட்டி சரியாகப் படித்துவிட்டால் அவளே ராஜினாமா எழுதிக் கொடுப்பாள். அத்தான் கையெழுத்துப் போட வேண்டாம், அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். டீம் லீடர் யோசித்தார். யோசித்தார் என்பது கொஞ்சம் அதிகம். இரவுச் சாப்பாடு கண்முன் வந்தது, சரி என்றார்.

ஃபைலை ஒரு பார்வை பார்த்தார். நாலு வரி. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் உருவாகிறது, எங்குமே பயன்படவில்லை. நாலும் ஒரே குறை. வரிகளின் கடைசியில் குட்டியாக ஏதோ குறிப்புகள். நிரலில் மனிதர்களுக்காக எழுதி வைக்கும் குறிப்பை இயந்திரம் தாண்டிப் போய்விடும், எல்லாருக்கும் தெரியும். மனிதர்களும் தாண்டிப் போய்விடுவார்கள் என்பது புரோகிராமர்களுக்கு மட்டும் தெரியும். டீம் லீடரும் தாண்டினார்.

கண்ணாடி அறையில் எம்.டி. முன்வரிசையில் இருந்தார். ராசியில்லாதவள் உள்ளே வந்ததும் முணுமுணுப்பு எழுந்தது. கை அவளுடையது இல்லை, என்னுடையது என்று டீம் லீடர் பேட்ஜைக் காட்டியதும் அடங்கியது.

"ஒரே ஒரு கேள்வி சாமி" என்றாள் மச்சினி, பணிவாக. "உங்க பெட்டிக்கு யாராவது உத்தரவு போட முடியுமா? இதைப் பாரு, இதைப் பார்க்காதேன்னு?"

குறிஞானி சிரித்தார். "ஞானத்துக்கு யாரம்மா உத்தரவு போடுறது? அது எல்லாத்தையும் பார்க்கும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

டீம் லீடர் தட்டில் கையை வைத்தார். பச்சை வெளிச்சம் ஓடியது. பெட்டி உறுமியது.

"வேலைக்குப் போகாத பிள்ளைகள் மூவர்" என்று வாசித்தார் குறிஞானி. "முதல் வரியில் ஒருவன். மூன்றில் ஒருவன். நான்கில் ஒருவன்."

கூட்டம் தலையாட்டியது. மச்சினி கையை உயர்த்தினாள்.

"நான் நாலு பெத்தேன் சாமி. ரெண்டாவது புள்ளை எங்கே?"

எம்.டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே போனார். விரல் வைத்து எண்ணினார். நாலு வரிகள்தான். நாலும் சும்மா கிடந்தன. குறிஞானி கண்ணை மூடி ஒரு கணம் மௌனமானார். மௌனம் இந்தத் தொழிலுக்கு மூலதனம். பிறகு, இரண்டாவது பிள்ளைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது, வேலை வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது, ஆகவே பெட்டி அவனை மன்னித்தது என்றார்.

கை தட்டினார்கள். ஆமாம், கை தட்டினார்கள். ஏமாறுகிறவனுக்கு ஏமாற்றுகிறவன்கூட அவ்வளவாகத் தேவையில்லை. ஒரு சாக்கு போதும்.

"சந்தோஷம்" என்றாள் மச்சினி. "வரி எதையும் தொடலை. ரெண்டாவது வரியோட கடைசியில இருக்கிற குட்டிக் குறிப்பை எடுத்து நாலாவதுல போடுறேன். நாலாவதுல இருக்கிறதை ரெண்டாவதுல போடுறேன். அவ்வளவுதான். அத்தான், கை."

டீம் லீடரின் கை இந்த முறை தட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. எதையோ தொட்டுவிடுவோம் என்ற பயம். பெட்டியைப் பார்த்தார், மச்சினியைப் பார்த்தார். எம்.டி. வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார். ஆனால் அந்த இரண்டாவது பிள்ளை என்ன ஆனான் என்று தெரியாமல் டீம் லீடருக்கு இனி தூக்கம் வராது. வைத்தார்.

"பிள்ளைகள் மூவர்" என்று ஆரம்பித்த குறிஞானியின் குரல் அடிவயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறிவிட்டது. "முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாம் வரி."

"அடடா" என்றாள் மச்சினி. "ரெண்டாமவனுக்கு வந்த வேலை அதுக்குள்ள போயிருச்சா சாமி? நாலாமவன் போய்ச் சேர்ந்துக்கிட்டானா?"

வரிசையின் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அறையில் குறிஞானி முன்னால் கேட்ட முதல் சிரிப்பு, மச்சினியுடையதைத் தவிர்த்து.

"சார், அந்தக் குறிப்புகளைக் கொஞ்சம் படிங்க" என்றாள் அவள். ஒப்பந்தம் மறுபடியும் அமலுக்கு வந்திருந்தது.

டீம் லீடர் குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குறிப்பை முழுசாகப் படித்தார். நிரல் பாஷையில் இருந்ததைத் தமிழில் சொன்னார். "முதல் வரியில, வாத்தியாரே இதைப் பார்க்காதேன்னு போட்டிருக்கு. மூணாவதுல, காவல்காரரே இதைப் பார்க்காதே. நாலாவதுல, மாமியாரே இதைப் பார்க்காதே."

திறந்த மூலக் கருவிகளில் ஒரு வழக்கம் உண்டு, அவள் கூட்டத்துக்கு விளக்கினாள். சில நேரம் தெரிந்தே ஒரு காரியம் செய்வோம். அப்போது கருவியின் பெயரைச் சொல்லி, இந்த வரியை விட்டுவிடு என்று ஓரத்தில் எழுதினால் அது விட்டுவிடும். ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொன்னால்தான் வாயை மூடும், அடுத்தவர் பெயருக்கு மூடாது. வாத்தியாரை அதட்டினால் வாத்தியார்தான் அடங்குவார், மாமியார் பேசிக்கொண்டே இருப்பார்.

"எல்லாத்தையும் பார்க்கிற ஞானம், நம்ம மாமியாரோட பேரைச் சொன்னதும் கண்ணை மூடிக்குது. ஏன்? உள்ள உட்கார்ந்திருக்கிறதே மாமியார்தான்."

"அது... ஞானங்களுக்குள்ள ஓர் ஒற்றுமை உண்டம்மா" என்றார் குறிஞானி.

"இருக்கட்டும். சார், ரெண்டாவது வரியை நீங்க படிக்கலையே."

டீம் லீடர் படித்தார். படித்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்.

"குறிஞானியே, இதைப் பார்க்காதே."

"உங்க பேரையும் போட்டுத்தான் பார்த்தேன் சாமி" என்றாள் மச்சினி. "நாலாவதுல வெச்சேன், ரெண்டாவதுல வெச்சேன். உங்க பெட்டி உங்க பேரை மதிக்கவே இல்லையே."

இப்போது சிரிப்பு கண்ணாடியைத் தாண்டி வரிசைக்குப் போய், வரிசை வழியாகப் படிக்கட்டில் இறங்கியது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. டெஸ்டர் முன்னால் வந்தார்.

"அப்போ என் பையன் விஷயம்?"

"உங்க ஃபைல்ல ஒரு பேரு சும்மா கிடந்துச்சுண்ணே. அவ்வளவுதான். உங்களுக்குப் பையன் இருக்கான்னே பெட்டிக்குத் தெரியாது."

டெஸ்டர் மேஜையைச் சுற்றிப் போய் வெல்வெட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். உள்ளே சாதாரண மடிக்கணினி. மச்சினி அறிக்கையில் படம் பிடித்துப் போட்டிருந்த அதே மாமியாரின் முகப்பு, திரையின் மூலையில் சின்னமாக. பக்கத்தில் இன்னொரு ஜன்னலில் மாமியாரின் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே அதற்கான குறி. உறுமல், அடியில் ஒட்டியிருந்த பழைய மின்விசிறியிலிருந்து வந்தது. டெஸ்டர் போனை எடுத்துக்கொண்டு மகனைக் கூப்பிட வெளியே போனார்.

குறிஞானியும் வெளியே போனார், கொஞ்சம் வேகமாக. படிக்கட்டில் வரிசை நெருக்கி நின்றது. எதிரே லிஃப்ட் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தது. அவர் அதன் வாசலில் நின்றார். ஏறவில்லை.

டீம் லீடருக்கு அப்போதுதான் உறைத்தது. குறிஞானி வந்த நாளிலிருந்து படியேறித்தான் வருவார். அது உடல் தவம் என்று அவர் சொன்னதைக் கேட்டு டீம் லீடரும் இன்று காபியோடு படியேறியிருந்தார். இந்தக் கட்டடத்து லிஃப்டில் ஓடுவது இந்த நிறுவனத்தின் நிரல்தான். போன வாரம்தான் குறிஞானி அதற்குப் பூரண கைராசி கொடுத்திருந்தார்.

"ஏறுங்க சாமி" என்றார் டீம் லீடர். "நீங்க ஆசீர்வாதம் பண்ணின லிஃப்டுதான்."

குறிஞானி லிஃப்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு படியிலேயே இறங்கி ஓடினார். தன் வாக்கைத் தானே நம்பாத ஒரே ஆள். அந்த மாடியிலேயே கொஞ்சம் பகுத்தறிவு இருந்தது அவருக்குத்தான்.

எம்.டி. நீண்ட நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த மாமியார் நிஜமாகவே இலவசமா என்று. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீம் லீடர் கடிதத்தைக் கிழித்தார். கிழிப்பதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். ஆபத்து நீங்கியது.

கூட்டம் கலைந்த பின் மச்சினி தன் மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையில் பொன்னெழுத்து மின்னியது. டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி. இந்த வாக்கைக் கேட்ட முதல் நாளே சிரிச்சியே. பெட்டிக்குள்ள மாமியார்தான்னு அன்னிக்கே தெரியுமா?"

"சந்தேகம். அவர் மாமியாரோட பேச்சு எல்லாத்தையும் குறி மாதிரி மாத்தி எழுதினாரு. இதை மட்டும் ஒரு எழுத்துகூட மாத்தலை. தேவைப்படலை, இது ஏற்கெனவே சாமி வாக்கு மாதிரி இருந்துச்சு. மாமியாருக்குள்ள ஒவ்வொரு விதிக்கும் பக்கத்துல எழுதினவங்க பேரு இருக்கும். எல்லாம் திறந்தேதான் இருக்கு. வெல்வெட்டெல்லாம் கிடையாது. யாரும் போய்ப் பார்க்கலை."

"யார் பேரு இருக்கு?"

அவள் கோப்பையைத் திருப்பி அந்த எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"காலேஜ் ஹாஸ்டல்ல என் ரூம்காரி ஒருத்தி ஃபிரிட்ஜைத் திறந்தா மூடவே மாட்டா. பால் எல்லாம் கெட்டுப் போகும். அவளைத் திட்டி ஃபிரிட்ஜ் கதவுல நான் எழுதி ஒட்டினது அத்தான் இது. அப்புறம் மாமியாருக்கு, எதைத் திறந்தாலும் அதே இடத்துல மூடணும்னு ஒரு விதி எழுதிக் குடுத்தேன். அதுக்கு என்ன வாசகம் போடலாம்னு தோணலை, இதையே போட்டேன். லிஃப்ட் கதவைத் திறக்கிறது ஒரு இடம், மூடுறது இன்னொரு இடம்; அதான் நேத்து என் ஃபைலையே அது மூணு தடவை திட்டிச்சு."

டீம் லீடர் தன் கோப்பையைப் பார்த்தார். வரவேற்பறைச் சுவரைப் பார்த்தார்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா அந்த வெல்வெட்டை எடுத்து என் தலையில போர்த்தி, என்னையும் சாமியாக்கியிருப்பீங்க" என்றாள் அவள். "குனியிறதுக்கு மட்டும்தான்னா கழுத்தே போதும் அத்தான். அதுக்கு மேல ஒண்ணு எதுக்கு இருக்குன்னு கொஞ்சம் யோசிங்க."